கடைசி நாள் கடந்த பிறகு

2015ஆம் ஆண்டு ஆடி மாதம். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக் கொண்டிருந்த ஒரு காலைப் பொழுது. விசுவமடுப் பக்கத்தில் இருக்கும் என் சின்னம்மாவின் படலையடியில் சைக்கிளை நிறுத்தினேன். வழமையாகப் படலைச் சத்தம் கேட்டதும், "ஆர், பிள்ளையோ? வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும். அன்று வரவில்லை. மாட்டுக் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. பின் வளவில் புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. விறாந்தையில் சின்னம்மாவின் மகள் தனியே குந்தியிருந்தாள். அது பள்ளிக்கூட நாள். டிசெம்பரில் அவளுக்கு க.பொ.த. சாதாரண தரச் சோதினை.

"ஏன் தங்கச்சி, பள்ளிக்கூடம் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"அம்மா போக வேண்டாமெண்டிட்டா அக்கா. சோதினைக்கு முதல் எல்லாம் முடிஞ்சிடுமாம்."

எது முடியும் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, உலகம் முடியப் போகிறதாம். அதற்குத் தேதியும் குறித்தாயிற்று. செப்ரெம்பர் 28.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு பேச்சு உலகின் பல இடங்களிலும் அடிபட்டது. 2014 ஏப்ரலில் இருந்து 2015 செப்ரெம்பர் வரை நான்கு முழுச் சந்திரகிரகணங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் கடைசிக் கிரகணம் செப்ரெம்பர் 28இல். அமெரிக்கப் போதகர்கள் சிலர் அவற்றை "இரத்த நிலவுகள்" என்று கூறிப் புத்தகம் எழுதினார்கள். அந்தப் பேச்சு எப்படியோ கடல் கடந்து, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் வாராவாரம் நடந்த சிறிய செபக்கூட்டத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வெளியூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஊழியர் ஒருவர் அதை நடத்தினார். ஏழெட்டுக் குடும்பங்கள் அதில் இருந்தன. பெரும்பாலும் பெண் தலைமைக் குடும்பங்கள்.

சின்னம்மா பசுவை விற்று அந்தப் பணத்தைக் கூட்டத்துக்குக் கொடுத்திருந்தார். நுண்கடன் கம்பனிக்குக் கிழமைக் காசு கட்டுவதை நிறுத்தியிருந்தார். மாதர் சங்கக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

நான் அப்போது பட்டம் பெற்று, வேலைக்குச் சேர்ந்த புதிது. சமூகவியல் படித்தவள் என்ற மிதப்பும் இருந்தது. கிணற்றடியில் நின்ற சின்னம்மாவிடம் போய், இதற்கு முன் எத்தனை பேர் இப்படித் தேதி குறித்துப் பொய்த்துப் போனார்கள் என்று அடுக்கடுக்காகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் சிரித்துக் கொண்டே, "அப்ப டிசெம்பர் வந்தா என்ன செய்வியள் சின்னம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, உலகம் முடியிறதை நான் ஒருக்காப் பாத்தனான். உனக்கும் தெரியும், நீயும் அதுக்குள்ள நிண்டனி. அப்ப ஒருத்தரும் வந்து எங்களைத் தூக்கேல்லை. இந்த முறை வருவார் எண்டு சொல்லினம். நான் போனா என்ர பிள்ளையைக் காணலாம். உன்ர படிப்பு எனக்கு அவனைக் காட்டுமோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் வெளியே வந்ததும் படலை எனக்குப் பின்னால் மூடப்பட்டது. சின்னம்மாவின் படலைக் கொளுக்கி மாட்டப்படும் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சகோதரிகளே, சின்னம்மாவின் மகன் 2009 ஏப்ரலில் காணாமல் போனான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் சித்தப்பா ஷெல் பட்டு இறந்தார். பங்கருக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்துவிட்டுத்தான் நாங்கள் நடந்தோம். பிறகு செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரம், அதன் பிறகு மீள்குடியேற்றம். சின்னம்மா விசாரணைக்குழு ஒவ்வொன்றுக்கும் மகனின் படத்தோடு போனார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு படிவம் நிரப்பினார்கள். எந்த இடத்திலும் ஒரு பதிலும் கிடைக்கவில்லை. அந்தச் செபக்கூட்டத்தில்தான் ஒருவர் அவரை இருத்தி வைத்து, மகனின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிச் செபித்தார். அவரைச் சந்திக்கும் நாளையும் சொன்னார். எந்த அலுவலகமும் அவருக்கு ஒரு நாளைச் சொன்னதில்லை.

இதை நான் அன்றே விளங்கிக் கொண்டேன் என்று சொன்னால் பொய். மூன்று வருடத்துக்குப் பிறகுதான், அதுவும் வேறொரு நாட்டில் வைத்துத்தான் விளங்கத் தொடங்கியது.

2018 மாசியில் கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களைப் பார்ப்பதற்காக எங்களில் சிலர் அங்கு போயிருந்தோம். திருவல்லாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் எனக்குத் தங்குமிடம். மாலையில் வீட்டார் எல்லோரும் கூடியிருந்து பாட்டுப் பாடிச் செபிப்பார்கள். மலையாளமும் எங்கள் பேச்சுத் தமிழும் காதுக்குக் கிட்ட என்பதால் பாதி விளங்கும். ஒரு பாட்டின் மெட்டு கர்நாடகக் கீர்த்தனை போலவே இருந்தது. யார் இயற்றியது என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மச்சி சிரித்தார். "எழுதியவர் உங்கள் தமிழ் ஆள்தான். உலகம் 1881இல் முடியும் என்று சொன்னவர்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிரவும் அதற்குப் பின்னரும் அந்தக் கதையைத் தேடித் தேடி அறிந்தேன். எங்கள் பெண்கள் அறிய வேண்டிய கதை என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

கதை திருநெல்வேலிச் சீமையில் தொடங்குகிறது. அங்கே ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) என்ற தமிழ் உபதேசியார் இருந்தார். பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்த அந்தோனி நோறிஸ் குறோவ்ஸ் என்ற மிஷனரியோடு சேர்ந்து உழைத்தவர். பின்னர் வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளம் வேண்டாமென்று, கிறிஸ்தியான்பேட்டை என்ற சிற்றூரை அமைத்துத் தம் மக்களோடு வாழ்ந்தார். 1860இல் அங்கே ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் நடுங்கினார்கள், அழுதார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், தரிசனம் கண்டோம் என்றார்கள். பெண்களும் எழுந்து நின்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். வீட்டுக்குள் வாய் திறக்க உரிமையில்லாதிருந்த பெண்களுக்குச் சபை நடுவே பேச இடம் கிடைத்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அந்த அனல் 1873 அளவில் மலைகளைக் கடந்து திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கே அதை ஏந்திக் கொண்டவர்களுள் முதன்மையானவர் யுஸ்துஸ் யோசேப்பு. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்தவர். இயற்பெயர் இராமய்யன். சமஸ்கிருதத்திலும் சங்கீதத்திலும் கைதேர்ந்தவர் என்பதால் "வித்துவான்குட்டி" என்று அழைக்கப்பட்டார். 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, பின்னர் ஆங்கிலிக்கன் சபையின் குருவானார். அவர் எழுதிய பாட்டுகள் ஊரூராகப் பரவின. கூட்டங்கள் இரவிரவாக நடந்தன. ஆங்கிலிக்கன் சபையார் மட்டுமல்ல, பழைய சிரியன் கிறிஸ்தவர்களும் திரண்டு வந்தார்கள்.

1875இல்தான் கதை திரும்பியது. கூட்டத்தில் கிடைத்த தரிசனங்களின்படி, இன்னும் ஆறு ஆண்டில், அதாவது 1881இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று அவர்கள் அறிவித்தார்கள். சபைத் தலைமை இதை ஏற்கவில்லை. அந்த நாளையும் நாழிகையையும் எவரும் அறியார் என்ற கருத்து மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். பயனில்லை. யுஸ்துஸ் யோசேப்பும் சகோதரர்களும் பிரிந்து போனார்கள். மிஷனரிமார் அவர்களை "ஆறாண்டுக் கட்சி" என்று எழுதினார்கள். "அஞ்சரை வேதக்காரர்" என்று ஒரு பட்டப்பெயரும் ஊரில் விழுந்தது.

அந்த ஆறு ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை எண்ணிப் பாருங்கள். சிரியன் சபை தன் தலைமை யாருக்கு என்ற வழக்கில் இரண்டாகிக் கொண்டிருந்தது. அந்தியோக்கியாவின் மறைமுதுவர் வந்து 1876இல் முளந்துருத்தியில் பெருங்கூட்டம் கூட்டினார். அதே ஆண்டில் தென்னிந்தியாவின் மாபெரும் பஞ்சம் தொடங்கி 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். கோயில் பிளவுபட, வயல் வரள, பிள்ளைகள் சாக, "இது கடைசிக் காலம்" என்று ஒருவர் சொன்னால் அதை நம்புவதற்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாலே போதும்.

1881 வந்தது. போயிற்று. வானம் திறக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். யுஸ்துஸ் யோசேப்பும் அவரோடு நின்றவர்களும், வருகை கண்ணுக்குத் தெரியாத விதத்தில் நடந்தேறிவிட்டது என்று பொருள் கொண்டார்கள். "யுயோமயம்" என்ற புதிய பெயரில், இந்து சமயக் கருத்துகளையும் கிறிஸ்தவத்தையும் இணைத்த தனிச் சமயமாக அதை அமைத்தார்கள். வித்துவான்குட்டி 1887இல் காலமானார். அதன் பின் அது வளரவில்லை, சிறு குழுவாகச் சுருங்கிப் போயிற்று. கூட்டத்தோடு போயிருந்தவர்களில் பலர் தங்கள் பழைய சபைகளுக்கே திரும்பினார்கள்.

ஆனால் பாட்டுகள் அழியவில்லை. அவரைத் தள்ளி வைத்த சபையாரின் வழிவந்தவர்களும் இன்று அவர் பாட்டைத்தான் பாடுகிறார்கள். அம்மச்சியிடம், "பொய்த்துப் போனவரின் பாட்டை ஏன் பாடுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை என் தமிழில் தருகிறேன்: "கணக்குப் பிழைத்தது. ஏங்கினது பிழையில்லையே, மோளே. திரும்பி வந்தவர்கள் வெறுங்கையோடா வருவார்கள்? பாட்டையும் கொண்டு வந்தார்கள். எங்கள் ஆட்கள் வாங்கி வைத்துக் கொண்டார்கள்."

அந்த இரவில் எனக்குச் சின்னம்மாவின் படலை ஞாபகம் வந்தது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. லியோன் பெஸ்ரிங்கரும் இரு கூட்டாளிகளும் 1956இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. அமெரிக்காவில் 1954 டிசெம்பர் 21இல் பெருவெள்ளத்தால் உலகம் அழியும் என்று ஒரு பெண்மணி சொல்ல, அதை நம்பிய சிறு குழுவுக்குள் ஆய்வாளர்கள் புகுந்து கவனித்தார்கள். நாள் பொய்த்த பின் அவர்கள் நம்பிக்கையை விடவில்லை, முன்னிலும் உற்சாகமாகப் பிரசாரம் செய்தார்கள் என்பது அவர்களின் முடிவு. சோதினைக்கு இதை நாங்கள் பாடமாக்கினோம். சின்னம்மாவைப் பார்க்கப் போனபோதும் இதைத்தான் மனதில் வைத்துக் கொண்டு போனேன். இவர்களைத் திருத்த முடியாது என்ற எண்ணம் என் சிரிப்புக்குள் இருந்தது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் விட்டுச் சென்ற ஆவணங்களைத் திரும்பப் படித்த ஓர் ஆய்வுக் கட்டுரை 2025இல் வெளிவந்திருக்கிறது. குழு விரைவிலேயே கலைந்து போனதாகவும், ஆய்வாளர்கள் வெளியே நின்று பார்க்காமல் உள்ளேயிருந்து தூண்டியும் விட்டதாகவும் அது வாதிடுகிறது. பாடப்புத்தகம் சொன்னதைவிட மனிதர்கள் திரும்பி வரக் கூடியவர்கள் என்றே நான் இப்போது நினைக்கிறேன்.

உலகின் மற்றக் கதைகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் வேதக் கணக்கை நம்பி, 1844 ஒக்ரோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். விளைந்த உருளைக்கிழங்கை நிலத்திலேயே விட்டவர்களும் இருந்தார்கள். நாள் கடந்ததும் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். சிலர் தேதி குறிப்பதைக் கைவிட்டு, 1863இல் ஏழாம் நாள் அட்வென்ரிஸ்ற் சபையாக ஒழுங்குபட்டு, பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் கட்டினார்கள். தென்கொரியாவில் 1992 ஒக்ரோபர் 28 நள்ளிரவில் பரலோகத்துக்கு எடுக்கப்படுவோம் என்று ஒரு கூட்டத்தார் வேலையை விட்டு, சொத்தை விற்றுக் காத்திருந்தார்கள். அவர்களின் தலைவரோ அந்தத் தேதிக்குப் பிறகே முதிர்வடையும் பிணைமுறிகளில் பணத்தைப் போட்டு வைத்திருந்தார். மோசடிக்காகச் சிறை சென்றார். மிகக் கொடிய முடிவுகளும் உண்டு. உகண்டாவின் கனுங்குவில் 2000 மார்ச் 17இல் ஒரு கூட்டத்தார் தேவாலயத்துக்குள்ளேயே எரிந்து மாண்டார்கள். கென்யாவின் சகாஹோலாக் காட்டில், பட்டினி கிடந்தால் யேசுவைக் காணலாம் என்று போதிக்கப்பட்டவர்களின் உடல்கள் 2023இல் நானூறுக்கு மேல் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றுள் சிறு பிள்ளைகளின் உடல்களும் இருந்தன.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. வெளியுலகத்தோடு ஒரு கதவாவது திறந்திருந்த இடங்களில் மக்கள் திரும்பி வந்தார்கள். காட்டுக்குள்ளும் பூட்டிய மதிலுக்குள்ளும் போனவர்களுக்குத் திரும்ப வழி இருக்கவில்லை.

இனி எங்கள் ஒழுங்கைக்கு வருகிறேன்.

2015 செப்ரெம்பர் 28 ஒரு திங்கட்கிழமை. முதல் நாள் இரவு முழுவதும் மாமரத்தின் கீழ் பாட்டுச் சத்தம் கேட்டதாக அயலார் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்தது. பால்காரனின் மணி கேட்டது. கணக்கில் சிறு பிழை என்றும் இன்னும் நாற்பது நாள் என்றும் ஊழியர் சொன்னாராம். பிறகு அவர் வருவது குறைந்தது. தீபாவளிக்கு முன் அவருடைய தொலைபேசி இலக்கமும் வேலை செய்யவில்லை. ஏழெட்டுக் குடும்பங்களும் ஒன்றை ஒன்று பார்ப்பதையே தவிர்த்தன. ஒரு கூட்டம் எழுந்து வளர ஒன்றரை வருடம் எடுத்தது. கலைய ஆறு கிழமை போதுமாயிருந்தது.

ஆனால் சின்னம்மா வெளியே வரவில்லை. கடைக்குப் போனால், "என்னக்கா, இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டார்கள். பொடியள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து எக்காளம் ஊதுவது போலச் சத்தமிட்டார்கள். கடன்காரன் வந்து படலையில் நின்று ஊர் கேட்கக் கத்தினான். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கம். "அந்த நாள் பொய்ச்சதைவிட அடுத்த நாள் சனத்தின்ர முகத்தில முழிச்சதுதான் எனக்குப் பெரிய நரகம்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். நானும் போகவில்லை. சொல்லிக் காட்டிவிடுவேனோ என்ற பயம். என் ஆடி மாதத்துச் சிரிப்பு எனக்கே தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்தப் படலையைத் திறந்தது என் படிப்பு அல்ல. எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு ஆச்சி இருக்கிறார். அறுபத்தைந்து வயது, கையெழுத்து மட்டும் வைக்கத் தெரியும். ஐப்பசி மழை இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் ஒரு கடகத்தில் விதைக் கச்சானும் தோளில் மண்வெட்டியுமாகச் சின்னம்மாவின் படலைக்குப் போனார். நான் சைக்கிளோடு தூரத்தில் நின்று பார்த்தேன்.

"எடி பிள்ளை, மழை வந்திட்டுது. நிலம் காயிறதுக்குள்ள விதைக்க வேணும். என்ர கைக்குப் பலமில்லை, நீயும் வந்து கொத்து. விளைஞ்சா விதையைத் திருப்பித் தா."

இவ்வளவுதான். தேதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பசுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. சின்னம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொளுக்கியைக் கழற்றினார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, மழை பெய்து கொண்டிருந்தது. நானும் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டுப் போய்ப் புல்லுப் பிடுங்கினேன். அன்று நாங்கள் மூவரும் பேசியது கச்சானையும் காகத்தையும் பற்றி மட்டுந்தான்.

மற்றவை மெல்ல மெல்ல நடந்தன. பள்ளிக்கூடத்தில் தங்கச்சியின் சோதினை விண்ணப்பம் முன்பே அனுப்பப்பட்டிருந்தது நல்ல காலம். இரண்டு மாதப் பாடத்தை அவளுடைய வகுப்பு ரீச்சர் பின்னேரங்களில் சொல்லிக் கொடுத்தார். டிசெம்பரில் எழுதினாள். கணிதம் தவறியது, அடுத்த வருடம் திரும்ப எழுதி எடுத்தாள். இன்று ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. கடனைச் சங்கம் பொறுப்பெடுத்துக் கதைத்து, தவணையைக் குறைப்பித்தது. பசுவின் காசு திரும்பி வரவேயில்லை.

2017 மாசி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, சின்னம்மா மகனின் படத்தைத் துடைத்து எடுத்துக் கொண்டு பஸ் ஏறினார். இரண்டு வருடம் மேசைக்குள் கிடந்த படம் அது. "அங்கயும் ஒருத்தரும் நாள் சொல்லேல்லை. ஆனா எனக்குப் பக்கத்தில இருந்தவளும் என்னைப் போலத்தான்" என்றார்.

சகோதரிகளே, யார் எந்தத் தெய்வத்தை வணங்க வேண்டுமென்று சொல்ல நான் இதை எழுதவில்லை. முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் எங்களோடு நின்று தண்ணீர் தந்த குருமாரையும் கன்னியாஸ்திரிகளையும் போதகர்களையும் நாம் அறிவோம். செபம் பலருக்கு நித்திரையைத் தந்தது. ஆனால் செபிக்கும் இடத்தில் ஒரு தேதி சொல்லப்பட்டால் கவனமாயிருங்கள். அந்தத் தேதியின் பேரில் வளவையோ மாட்டையோ நகையையோ கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறித்தால், மருந்தை நிறுத்தச் சொன்னால், சொந்த பந்தத்தோடு பேச வேண்டாம் என்றால், உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்பு நின்றால் சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார், கிராம சேவையாளர் இருக்கிறார். எந்த நம்பிக்கைக்காகவும் ஒரு பிள்ளையின் சோதினையும் ஒரு போகத்து விதைப்பும் தவறக் கூடாது.

அதேயளவு முக்கியமான இன்னொன்று அயலில் இருக்கும் எங்களுக்கு. கடைசி நாளுக்கு முன் வாதாடி ஒருவரை மீட்பது அரிது. நான் தோற்றவள். எங்கள் வேலை அந்த நாளுக்கு அடுத்த நாள் தொடங்குகிறது. அன்று நாம் சிரித்தால், அவர்கள் திரும்ப அந்த மாமரத்தடிக்கே போவார்கள், அல்லது அதைவிடப் பொல்லாத இடத்துக்குப் போவார்கள். அன்று ஒரு கடகம் விதையோடு போனால் படலை திறக்கும்.

சின்னம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கோயிலுக்குப் பூசைக்குப் போகிறார். கிழமை நாட்களில் கச்சான் வறுத்து விற்கிறார். சென்ற மாதம் போயிருந்தபோது, இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது பிள்ளை. பேரை மட்டும் போடாத" என்றார். பிறகு கச்சானைப் புடைத்துக் கொண்டே சொன்னார்: "அவன் வருவான் எண்டு இப்பவும் நம்பிறன். ஆனா தேதி வைக்கிறதில்லை."

படலை திறந்தே கிடந்தது.